வயல் காவலுக்குத் துவக்கு ஸ்கோப் உதவுமா, பைனாகுலர் வாங்குவதா?

ஒட்டுசுட்டான் கமக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டு விளிம்பை ஒட்டிய ஒரு சிறு குளத்தின் கீழ் எங்கள் குடும்பத்துக்கு வயல் உண்டு. குளக்கட்டுக்கு மறுபுறம் உள்ள மேட்டுக்காணியில் கச்சானும் உளுந்தும் செய்கிறோம். காலபோக நெல் குடலைப் பருவத்துக்கு வந்தது முதல் சூடு அடித்து முடியும் வரை பரணில் இருந்து காவல் காக்காவிட்டால் ஒரு மூடை நெல்லையும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. யானை பெரும்பாலும் மாலை மங்கும் வேளையிலும் விடியலுக்குச் சற்று முன்னரும் காட்டை விட்டு இறங்கும். பன்றிக்கு நேரம் காலம் இல்லை. கச்சான் காய் முற்றத் தொடங்கினால் ஒவ்வொரு இரவும் கிண்டிவிட்டுப் போகும்.

பயிர்ப் பாதுகாப்புக்கென அப்பாவின் பெயரில் அனுமதிப்பத்திரத்துடன் ஒரு 12 போர் துவக்கு இருக்கிறது. ஆண்டுதோறும் புதுப்பித்து வருகிறோம். பெரும்பாலும் அதை வெடிக்க வைத்துச் சத்தம் எழுப்பும் தேவையே எங்களுக்கு ஏற்படுகிறது.

கனடாவில் இருக்கும் மச்சான் அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர். தன் துவக்குக்குப் புதிய ஸ்கோப் வாங்கப்போவதாகவும், பழையதை எனக்குத் தரலாம் என்றும் சொல்கிறார். அது 4-16x50 என்ற வகை. துவக்கில் பூட்டாவிட்டாலும் கையில் வைத்துத் தொலைநோக்கி போலப் பார்க்கலாம் என்பது அவருடைய எண்ணம். இங்கே சிலர் பைனாகுலர்தான் நல்லது என்கிறார்கள். வவுனியாவில் ஒரு கடையில் 20x50 என்று எழுதிய ஒன்றையும், அதைவிடப் பெரிய எண்கள் பொறித்த இன்னொன்றையும் காட்டினார்கள். பெருப்பித்துக் காட்டும் அளவு கூடக் கூட நல்லது என்றே கடைக்காரரும் சொன்னார்.

பரணிலிருந்து காட்டு விளிம்பு ஏறத்தாழ 300 மீற்றர் தூரம். வெளிச்சம் குறைந்த நேரத்தில் அங்கே நிற்பது யானையா, எருமையா, பன்றிக் கூட்டமா, ஆளா என்று உறுதியாக அறியவேண்டும் என்பதே என் தேவை. பணம் அதிகம் இல்லை. ஒருமுறை வாங்கினால் பல போகங்களுக்கு நிற்கவேண்டும். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.


முள்ளியவளையான், ஒன்ராறியோ எழுதியது:

தம்பி, உங்கள் மச்சானைப் போலவே நானும் இங்கே உரிமம் பெற்று வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவன். ஆதலால் ஸ்கோப்பைப் பற்றிய பகுதிக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அந்த ஸ்கோப்பை வாங்கவேண்டாம் என்பதே என் பதில். காரணங்களைச் சொல்கிறேன், ஏனெனில் வேறு யாரேனும் இதே எண்ணத்தில் இருக்கக்கூடும்.

துவக்கு ஸ்கோப் குறிவைப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி; தேடிப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. சுடும்போது துவக்கு பின்னால் உதைக்கும் என்பதால், கண் கண்ணாடியிலிருந்து ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் விலகி இருக்கும்போதே முழுக் காட்சி தெரியும்படி அதை அமைத்திருக்கிறார்கள். தோளில் அழுத்திப் பிடித்த துவக்கில் அந்த இடைவெளி தானாகவே நிலையாக நிற்கும். வெறுங்கையில் பிடித்தால் நிற்காது. கை சற்று முன்பின்னாக அசைந்தாலே காட்சி சுருங்கி ஓரம் கறுத்துவிடும். அதோடு பார்வைப் புலமும் ஒடுங்கியது. சாதாரண 3-9x40 ஸ்கோப்பை 9 மடங்கில் வைத்தால் 100 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 4 மீற்றர் அகலமான இடம் மட்டுமே தெரியும். 8x42 பைனாகுலர் ஒன்று அதே தூரத்தில் ஏறத்தாழ 13 மீற்றர் அகலத்தைக் காட்டும். காட்டு விளிம்பு முழுவதையும் துழாவவேண்டிய உங்களுக்கு இந்த வேறுபாடு மிகவும் பெரியது. உங்கள் மச்சானின் 16 மடங்கில் அது இன்னும் ஒடுங்கும்.

இங்கே ஒரு ஸ்கோப்புக்கு இவ்வளவு பணம் கொடுக்கிறோம் என்றால், அதில் பெரும்பகுதி உங்களுக்குப் பயன்படாத வேலைகளுக்கே போகிறது. குறிக்கம்பிகளை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தும் திருகிகள், சுடும் உதைப்பைப் பலமுறை தாங்கியும் நகர்ந்துவிடாமல் நிற்கவேண்டும். மில்லிரேடியன் என்ற கோண அளவில் அமைந்த ஸ்கோப்பில் ஒரு சொடுக்கு 0.1 மில்லிரேடியன், அது 100 மீற்றரில் 1 சென்ரிமீற்றர், 300 மீற்றரில் 3 சென்ரிமீற்றர். பாகைக் கணக்கில் அமைந்ததில், பாகையின் அறுபதில் ஒரு பங்கான கோண நிமிடத்தில் கால்வாசி ஒரு சொடுக்கு. அது 100 மீற்றரில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். நெடுந்தூர இலக்குப் போட்டிக்குச் செல்பவர்கள், உருப்பெருக்கத்தை மாற்றும்போது குறிக்கம்பிகளும் சேர்ந்து பெருக்கும் முதற்குவியத்தள வகையைத் தேடுவார்கள். அதில் எந்த மடங்கில் நின்றாலும் கோடுகளின் அளவு சரியாக இருக்கும். காட்டு வேட்டைக்காரருக்கு இரண்டாம் குவியத்தள வகையே வசதி, ஏனெனில் குறைந்த மடங்கிலும் கம்பி மெலிந்து மறைந்துவிடாது. என்னைக் கேட்டால், இங்குள்ள மரக்காட்டில் மான் வேட்டைக்கு 2-7 அல்லது 3-9 மடங்குக்கு மேல் தேவையே இல்லை. 16, 24 என்று வாங்குபவர்களில் பலர் அந்த மடங்கை இலக்குத் தாளைப் பார்க்க மட்டுமே பயன்படுத்துகிறார்கள். இவை எல்லாம் தனிக்குண்டு பாயும் ரைஃபிளுக்குரிய கணக்குகள். உங்கள் 12 போர் துவக்கில் சிதறிப் போகும் ஈயக் குண்டுகள் சில பத்து மீற்றர் தூரத்துக்கே பயன்படும். 300 மீற்றரைக் காட்டும் ஸ்கோப்பை அதில் பூட்டுவதால் எந்த நன்மையும் இல்லை.

இன்னொன்றை நான் அழுத்திச் சொல்லவேண்டும். துவக்கில் பூட்டிய ஸ்கோப்பால் ஒன்றைப் பார்ப்பது என்றால், அது என்னவென்று அறியும் முன்னரே அதை நோக்கித் துவக்கின் வாயை நீட்டுவது என்று பொருள். இங்கே வேட்டைப் பயிற்சி வகுப்பில் முதலில் தடுக்கும் பழக்கங்களுள் இது ஒன்று. பார்ப்பது பைனாகுலரால், பார்த்தது இன்னதென்று உறுதியான பின்னரே கை துவக்கை நாடலாம். ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குரிய நேரமே சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன் தொடங்கி மறைவுக்கு அரை மணி நேரத்தின் பின் முடிந்துவிடுகிறது. நீங்களோ அதற்கும் அப்பாற்பட்ட இருளில், அயல் வயல்காரர் தண்ணீர் திருப்பவும் மாடு தேடவும் நடந்து திரியும் இடத்தில் இருக்கிறீர்கள்.

கடைசியாக, துவக்குப் பாகம் என்று கருதப்படக்கூடிய எதையும் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும்படி மச்சானிடம் சொல்லாதீர்கள். வன்னியில் அது விசாரணைக்குள்ளானால் உங்கள் அப்பாவின் அனுமதிப்பத்திரத்துக்கே கேடு வரலாம். அவர் உதவவேண்டும் என்று விரும்பினால் ஒரு நல்ல பைனாகுலரை வாங்கி வரட்டும். எதை வாங்குவது என்பதைப் பறவை பார்ப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.


கட்டுக்கரைப் பறவைகள் எழுதியது:

மேலே எழுதிய அண்ணாவின் கருத்தை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். நான் மன்னார்ப் பக்கம், கட்டுக்கரைக்குளத்திலும் வங்காலைக் கடலேரியிலும் பறவை பார்ப்பவன். எனக்குப் பறவையும் உங்களுக்கு யானையும் என்ற வேறுபாடு இருந்தாலும், மங்கிய வெளிச்சத்தில் தூரத்து உருவத்தைப் பிரித்தறியவேண்டும் என்ற தேவை ஒன்றுதான்.

பைனாகுலரின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். 8x42 என்றால் 8 மடங்கு பெருக்கிக் காட்டும், முன்வில்லை ஒவ்வொன்றும் 42 மில்லிமீற்றர் விட்டம் உடையது என்று பொருள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 8x42 இல் அது 5.25 மில்லிமீற்றர். 10x42 இல் 4.2, 7x50 இல் ஏறத்தாழ 7, கடைக்காரர் காட்டிய 20x50 இல் வெறும் 2.5. இருளில் நமது கண்மணி விரிகிறது. இளவயதில் 7 மில்லிமீற்றர் வரை விரியும், 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாக 5 மில்லிமீற்றர் அளவோடு நின்றுவிடும். 5 மில்லிமீற்றர் விரிந்திருக்கும் கண்ணுக்குள் 2.5 மில்லிமீற்றர் ஒளிக்கற்றை மட்டும் போனால், பரப்பளவுக் கணக்கில் கண் ஏற்கக்கூடியதில் கால்பங்கு ஒளிதான் கிடைக்கும். நண்பகலில் இது தெரியாது, ஏனெனில் அப்போது கண்மணியே 2 அல்லது 3 மில்லிமீற்றருக்குச் சுருங்கியிருக்கிறது. கடையில் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் பார்க்கும்போது 20x50 பிரமாதமாகத் தெரிவதும், பரணில் ஏறிய முதல் மாலையே காடு முழுவதும் ஒரே கறுப்பாகத் தெரிவதும் இதனால்தான்.

அடுத்தது கை நடுக்கம். எட்டு மடங்கு பெருக்கும்போது கையின் அசைவும் எட்டு மடங்காகவே தெரியும். இருபது மடங்கில் முக்காலி இல்லாமல் ஒன்றையும் நிலையாகப் பார்க்க முடியாது. பரண் வேறு காற்றுக்கு ஆடும். நமது பகுதியில் இதோடு கானலும் சேர்கிறது. சிறுபோகக் காலத்தில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வெட்டை வெளியின் மேல் காற்று அலையத் தொடங்கிவிடும். பின்னர் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியானாலும் உயர்ந்த மடங்கில் அந்த அலைவைத்தான் பெருப்பித்துக் காட்டும். கட்டுக்கரைக் குளக்கட்டில் நின்று எதிர்க்கரையில் உள்ள வாத்துக் கூட்டத்தைப் பார்ப்பவர்கள் விடியற்காலையையே விரும்புவது இதனாலும்தான்.

ஆகவே உங்கள் 300 மீற்றர் தூரத்துக்கு 8x42 போதும், அதுவே நல்லது. எட்டு மடங்கில் 300 மீற்றர் தூரத்து விலங்கு, வெறுங்கண்ணுக்கு 40 மீற்றருக்கும் குறைவான தூரத்தில் நிற்பதைப் போலத் தெரியும். அந்தத் தூரத்தில் எருமையின் கொம்பையும் யானையின் காதசைவையும் ஒருவர் குழப்பிக்கொள்ளமாட்டார்.

முக்காலியில் பூட்டும் 20-60 மடங்கு ஒற்றைக்கண் தொலைநோக்கியும் உண்டு. வங்காலைச் சரணாலயம் 2010 ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே திறந்த நீர்ப்பரப்பில் வெகு தூரத்தில் நிற்கும் பூநாரைகளையும் ஊசிவால் வாத்துகளையும் இனம் பிரிக்க அது இன்றியமையாதது. 2015 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளத்திலும் அப்படித்தான். வயல் காவலுக்கு அது வேண்டாம்.


வவுனியா கமெரா திருத்துநர் எழுதியது:

கடையில் எதைப் பார்த்து வாங்குவது என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் என் மேசைக்கு வரும் பைனாகுலர்களில் பெரும்பாலானவை வாங்கும்போதே ஒதுக்கியிருக்கவேண்டியவை.

முதலில் எண்களை நம்பவேண்டாம். முன்வில்லை எவ்வளவு அகலம் என்று ஓர் அடிமட்டத்தை வைத்து அளந்து பாருங்கள். மேலே நூற்றுக்கு மேற்பட்ட எண் பொறித்திருக்கும், அளந்தால் 30 மில்லிமீற்றர்கூட இருக்காது. பிறகு பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு முழ தூரம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பிக் கண்வில்லைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாக, ஓரம் வரை ஒரே அளவு வெளிச்சமாக இருக்கவேண்டும். ஓரங்கள் வெட்டப்பட்டுச் சதுரம் போலச் சாம்பல் நிழலுடன் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியான அரியம் மலிவான கண்ணாடியால் ஆனது அல்லது அளவில் சிறியது. பேக்-4 என்று குறிக்கப்படும் கண்ணாடியால் ஆன அரியத்தில் வட்டம் முழுமையாகத் தெரியும். பிகே-7 வகையில் இந்த ஓர நிழல் வரும்.

அடுத்தது வில்லையின் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீதம் ஒளி திரும்பிப் போய்விடுகிறது. ஒரு பைனாகுலருக்குள் ஒரு பக்கத்திலேயே பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி கண்ணுக்கு வரும் முன்னரே தொலைந்துவிடும். 1935 இல் ஜெர்மனியில் சைஸ் நிறுவனத்தில் ஒளித்தெறிப்பைக் குறைக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பிறகே இந்த இழப்பு குறையத் தொடங்கியது. இன்றைய பலபடைப் பூச்சில் ஒரு பரப்புக்கு அரைச் சதவீதம் அளவே இழப்பு. எல்லாப் பரப்புகளிலும் பலபடைப் பூச்சு உண்டு என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே பூச்சுள்ளது என்று மட்டும் எழுதியிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் மட்டும் இருக்கலாம். விளக்கைத் தெறிக்கவிட்டுப் பார்த்தால் நல்ல பூச்சு மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். வெள்ளையாகப் பளிச்சென்று தெறித்தால் அந்தப் பரப்பில் பூச்சில்லை. மாணிக்கச் சிவப்பாக மினுங்கும் வில்லை உள்ளவற்றை வாங்கவே வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும். அந்தச் சிவப்பு ஒளி எல்லாம் உங்கள் கண்ணுக்கு வரவேண்டியது, வெளியே தெறித்துப் போகிறது.

இரண்டு குழல்களும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று அறிய, கடை வாசலில் நின்று தொலைத்தொடர்புக் கோபுரத்தின் உச்சியைப் பாருங்கள். இரண்டு உச்சி தெரிந்தாலும், ஒன்றாகத் தெரிந்து சற்று நேரத்தில் நெற்றி வலித்தாலும் அது கோணியிருக்கிறது. கீழே விழுந்த பைனாகுலருக்கு வரும் நோய் இது. திருத்துவதற்கு ஆகும் செலவு மலிவானவற்றின் விலையைத் தாண்டிவிடும். எக்காரணம் கொண்டும் சூரியன் நிற்கும் திசையில் திருப்பிச் சோதிக்கவேண்டாம். கண் ஒரு கணத்தில் போய்விடும்.

மேலே நண்பர் 8x42 என்கிறார். பணம் குறைவு என்றால் நான் 7x50 அல்லது 8x40 அளவில், முன்வில்லைகள் அகன்று தள்ளி நிற்கும் பழைய வடிவப் போரோ வகையைச் சொல்வேன். 1854 இல் இத்தாலியரான இக்னாசியோ போரோ அமைத்த அரிய முறை அது. நேர்க்குழல் வடிவத்தில் உள்ள கூரை அரியத்துக்கு நல்ல படம் வரவேண்டுமென்றால் அதன்மேல் தனியான பூச்சுகள் செய்யவேண்டும். மலிவானவற்றில் அவற்றை விட்டுவிடுகிறார்கள். ஒரே விலைக்கு இரண்டையும் வைத்துப் பார்த்தால் போரோவே தெளிவாகத் தெரியும். ஆனால் பாரம் கூட, மழைக்கும் அவ்வளவு தாங்காது. இதை நீங்களே தீர்மானிக்கவேண்டும்.

மழையைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. காலபோகம் என்பது நமக்கு வடகீழ்ப் பருவமழைக் காலம். நைதரசன் வாயு நிரப்பி அடைக்கப்பட்ட, நீர் புகாத வகையை வாங்கினால் உள்ளே பனிப்புகார் படியாது. அப்படி அல்லாததைப் பரணில் ஈரச் சாக்கோடு சுற்றி வைத்தால் ஒரே மாரியில் வில்லைக்குள் பூஞ்சணம் சிலந்தி வலை போலப் படர்ந்துவிடும், பிறகு பூச்சையே தின்றுவிடும். தோல் உறையிலும் வைக்கவேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இறுக மூடும் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில், காயவைத்த சிலிக்காப் பொதிகளுடன் வையுங்கள். தூசி படிந்தால் முதலில் ஊதியோ மெல்லிய தூரிகையாலோ தட்டுங்கள். நமது செம்மண் புழுதியைச் சாரத் தலைப்பால் அழுத்தித் துடைத்தால் வில்லை முழுவதும் கீறல் விழும்.


ஒட்டுசுட்டான் கமக்காரன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஸ்கோப் வேண்டாம் என்று மச்சானுக்கு அறிவித்துவிட்டேன். அவரும் பைனாகுலராகவே வாங்கி வருவதாக ஒப்புக்கொண்டார். இரண்டு ஐயங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அப்பா கண்ணாடி அணிபவர், காவலில் பாதி நேரம் அவரே இருப்பார். கண்ணாடியைக் கழற்றாமல் அவரால் பார்க்க முடியுமா? மற்றது, நிலவு இல்லாத இரவில் பைனாகுலர் முற்றிலும் பயனற்றதாகிவிடுமா? ரோச் வெளிச்சத்தோடு சேர்த்துப் பார்க்கலாமா?


பாண்டியன்குளம் ஆசிரியை எழுதியது:

வணக்கம். நானும் கண்ணாடி அணிபவள். பாடசாலைச் சுற்றாடல் கழகப் பிள்ளைகளை வவுனிக்குளத்துக்குப் பறவை பார்க்க அழைத்துச் செல்லும்போது இந்தக் கேள்வி எனக்கு எப்போதும் வரும்.

பைனாகுலரின் விபரத் தாளில் கண்ணுக்கும் கண்வில்லைக்கும் இருக்கவேண்டிய இடைவெளியை மில்லிமீற்றரில் தந்திருப்பார்கள். கண்ணாடி அணிபவருக்கு அது 15 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது; 17, 18 என்றால் இன்னும் வசதி. கண்வில்லையைச் சுற்றியுள்ள கிண்ணம் திருகி உள்ளே தள்ளக்கூடியதாகவோ மடிக்கக்கூடிய இறப்பராகவோ இருக்கவேண்டும். அப்பா பார்க்கும்போது உள்ளே தள்ளியும், நீங்கள் பார்க்கும்போது வெளியே இழுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் குறை கிட்டப்பார்வை அல்லது தூரப்பார்வை மட்டும் என்றால், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத் திருகியைத் திருப்பியே தெளிவாக்கிக்கொள்ளலாம். கோணல் பார்வைக்கான (அஸ்ரிக்மற்றிசம்) கண்ணாடி என்றால் கழற்றக்கூடாது. அந்தக் குறையைப் பைனாகுலர் சரிசெய்யாது.

இரண்டு கண்களுக்கும் பார்வை வேறுபடுவது இயல்பு. அதற்காக வலக்கண் பக்கத்தில் ஒரு சிறு வளையம் இருக்கும். வலக்குழலை மூடி, இடக்கண்ணால் தூரத்து மரமொன்றை நடுத்திருகியால் தெளிவாக்குங்கள். பிறகு இடக்குழலை மூடி, நடுத்திருகியைத் தொடாமல், வலக்கண்ணுக்கு அந்த வளையத்தை மட்டும் திருப்பி அதே மரத்தைத் தெளிவாக்குங்கள். அப்பாவுக்குரிய நிலையையும் உங்களுக்குரிய நிலையையும் வளையத்தில் இரண்டு புள்ளிகளாக நகப்பூச்சால் குறித்து வைத்தால், இரவில் ஆள் மாறும்போது தடுமாற வேண்டியதில்லை. பலர் இந்த வளையத்தைக் கவனிப்பதே இல்லை. பிறகு பைனாகுலர் கலங்கலாகத் தெரிகிறது என்று குறை சொல்கிறார்கள்.

நிலவில்லா இரவைப் பற்றி: 7x50 அல்லது 8x56 போன்றவை நட்சத்திர ஒளியில்கூட நீரின் மினுக்கத்துக்கும் நெற்பரப்புக்கும் எதிரே நிற்கும் பெரிய உருவத்தைக் காட்டும், காட்டு நிழலுக்குள் நிற்பதைக் காட்டாது. அப்போது ரோச் தேவை. ஒருவர் ரோச் பிடிக்க மற்றவர் பார்ப்பது நல்லது. ரோச் பிடிப்பவர் பார்ப்பவருக்குச் சற்று விலகி நிற்கவேண்டும், இல்லையென்றால் முன்னால் உள்ள பனித்துளியும் பூச்சியும் வெளிச்சத்தைத் தெறிக்கவிட்டுக் காட்சியை வெளுக்கச் செய்யும்.

இங்கே வயல்காரர் எல்லாரும் அறிந்திருக்கவேண்டிய ஒன்று உண்டு. மான், மரை, மாடு, எருமை ஆகியவற்றின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பும் ஒரு படலம் இருக்கிறது. ரோச் பட்டதும் கண்கள் பச்சையாகவோ வெளிறிய நீலமாகவோ பளிச்சிடும். பன்றியின் கண்ணில் அந்தப் படலம் இல்லை. மனிதக் கண்ணிலும் இல்லை. ஆகவே கண் மினுங்கவில்லை, எனவே பன்றிதான் என்று ஒருவர் முடிவு செய்தால், அங்கே குந்தியிருப்பது வாய்க்கால் மடை திறக்க வந்த அயலவராகவும் இருக்கலாம். மினுங்கினால் அது யாருடையதோ பட்டி மாடாக இருக்கலாம். உருவம், நடை, முதுகின் கோடு ஆகிய மூன்றையும் பைனாகுலரில் காணாமல் துவக்கைத் தொடவே கூடாது என்று அப்பாவிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள். விலங்கு தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும்படி ஐயாமார் கட்டுத்துவக்கு வைக்கும் பழக்கத்தையும் இதே காரணத்தால் கைவிடவேண்டும். அதற்குப் பார்க்கும் கண்ணே இல்லை. எத்தனை பேர் அதில் கால் இழந்திருக்கிறார்கள் என்பதை நம் ஊர்களில் விளக்கத் தேவையில்லை.

யானை என்று உறுதியானால் பரணை விட்டு இறங்கி அருகே போய்ப் பார்க்க வேண்டாம். அது குறுகிய தூரத்தில் மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும், வரம்பில் ஓடும் மனிதரால் தப்ப முடியாது. பைனாகுலரின் பெரிய பயனே, தனியனா, குட்டியோடு வந்த கூட்டமா என்று தூரத்திலேயே அறிந்து, அயல் பரண்களுக்குத் தொலைபேசியில் சொல்லி, எந்தப் பக்கம் யானைவெடி போடுவது என்று தீர்மானிக்க முடிவதுதான். குட்டியோடு நிற்கும் கூட்டத்தைக் காட்டுப் பக்கம் வழிவிட்டே விரட்டவேண்டும்.

வன்னிக்கே உரிய இரண்டு விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். விலங்கைத் தொடர்ந்து பற்றைக்காட்டுக்குள் இறங்கவேண்டாம். கண்ணிவெடி அகற்றல் முடியாத இடங்களில் சிவப்புப் பலகைகள் இன்னும் நிற்கின்றன, எல்லாப் பலகையும் நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதும் நிச்சயமில்லை. முகாம்கள், காவலரண்கள் இருக்கும் பக்கம் பைனாகுலரைத் திருப்பவும் வேண்டாம். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில், காவலுக்காக இப்படி ஒரு கருவி வைத்திருக்கிறோம் என்று சொல்லிப் பதிவு செய்து, கிராம அலுவலருக்கும் அறிவித்து வைப்பது நல்லது.


கட்டுக்கரைப் பறவைகள் எழுதியது:

ஆசிரியை எழுதிய விளக்கத்துக்கு நன்றி. கண் மினுக்கத்தைப் பற்றிய பகுதியைப் படியெடுத்து எங்கள் பக்கத்து வயல்காரருக்கும் கொடுக்கப்போகிறேன்.

கமக்காரத் தம்பிக்கு ஒரு முடிவான சொல்: இரவுக் காவலே முக்கியம், பாரம் பொருட்டல்ல என்றால் திருத்துநர் சொன்ன 7x50. ஆனால் அப்பா 60 வயதைக் கடந்தவர் என்றால் அதிலிருந்து வரும் 7 மில்லிமீற்றர் ஒளிவட்டம் முழுவதையும் அவருடைய கண்மணி ஏற்காது. அவருக்கு 8x42 உம் ஏறத்தாழ அதே வெளிச்சத்தைத்தான் தரும், பாரமும் குறைவு. மச்சான் வெளியிலிருந்து வாங்கி வருவதால், நீர் புகாத, எல்லாப் பரப்புகளிலும் பலபடைப் பூச்சுள்ள, கண்ணுக்கும் கண்வில்லைக்குமான இடைவெளி 17 மில்லிமீற்றருக்குக் குறையாத 8x42 ஒன்றை, பெயர் பெற்ற ஏதேனும் நிறுவனத்தின் நடுத்தர விலை வரிசையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பெட்டியையும் உத்தரவாத அட்டையையும் வாங்கிய பற்றுச்சீட்டையும் அவர் எறியாமல் கொண்டுவரட்டும், விமான நிலையத்தில் கேட்டால் காட்டலாம்.

இரவுப் பார்வைக் கருவி, வெப்பப் படக் கருவி ஆகியவற்றையும் சேர்த்துக் கொண்டுவரலாமா என்று மச்சான் கேட்கக்கூடும். மாவட்டச் செயலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறும் வரை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பரணில் சாய்ந்துகொள்ள ஒரு குறுக்குத் தடியை நெஞ்சு உயரத்தில் கட்டிவிடுங்கள். இரண்டு முழங்கைகளையும் அதில் ஊன்றிப் பார்த்தால் எட்டு மடங்கில் காட்சி அசையாமல் நிற்கும்.